இரண்டு எண்கள்

உலான்பாத்தரில் இரவு ஒன்றரை.
முதல் பக்கத்தில் இரண்டு எண்களுக்கு மட்டும்
இடம் விட்டு வைத்திருக்கிறாள் நர்மந்தாக்.
ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை.
மற்றதெல்லாம் தயார்.
ஆட்சி கவிழ்ந்தால் ஒரு தலையங்கம்,
பிழைத்தால் ஒன்று;
இரண்டிலும் கடைசிப் பத்தி ஒன்றேதான்.

அச்சகத்திலிருந்து மூன்றாம் முறை போன்.
மைனஸ் முப்பத்தொன்றில்
வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறானாம் டிரைவர்.
அணைத்தால் விடிந்தாலும் கிளம்பாது.

இரண்டு நாற்பதுக்கு
நாடாளுமன்றத்திலிருந்து கான்பட்:
"டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை.
கோரம் இல்லை."

எண்களின் இடத்தில்
கம்பளிக் காலுறை விளம்பரம் ஏறியது.
நாற்பது சதவீதத் தள்ளுபடி.

காலையில் பஸ் நிறுத்தத்தில் ஒருவர்
அதை மட்டும் கிழித்து மடித்துக்கொண்டு
அரசாங்கத்தைப் பெஞ்சிலேயே விட்டு
பஸ் ஏறினார்.