அடைத்த இடம்

தொண்ணூற்றொன்று, நவம்பர், செவ்வாய்க்கிழமை.
ஃபேக்கன்ஹாமுக்கு வெளியே
பீட்ரூட் லாரிகள் சேறு கொட்டிப்போன சாலையில்
என் வேன் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.
சட்டைப்பையில் காசோலைப் புத்தகம்.
காற்சட்டைப் பையில்
கைக்குட்டையில் சுற்றிய காந்தம்.

ஆப்ரி தர்க்கெட்டில், பல் மருத்துவர்,
கராஜ் கதவைத் தூக்கினார்.
உள்ளே ஜாகுவார் ஈ-டைப்,
அறுபத்துமூன்றாம் வருடத்தது, சாம்பல் நிறம்,
மேலே இரண்டு குளிர்காலத் தூசி.

"எழுபத்தோராயிரம் கொடுத்தேன்" என்றார்.
நான் கேட்கவில்லை.
"எண்பத்தொன்பது ஆகஸ்டில்.
அன்று எனக்கு எதிராக மூன்று பேர் கை தூக்கினார்கள்."

மூவரையும் எனக்குத் தெரியும்.
ஒருவர் வீட்டை விற்றுவிட்டார்.
ஒருவர் தொலைபேசியை எடுப்பதில்லை.
மூன்றாமவன் நான்.
அன்று என் கையை இறக்கியது புத்தி என்று
ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்.
ஒரு தும்மல், அவ்வளவுதான்.
முகத்தைத் துடைத்து நிமிர்வதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
காருக்கு அந்த யோகம் கிடையாது.
பக்கத்து நாற்காலிக்காரன் கண்ணில் அன்று தெரிந்ததே,
அதுதான் விலை.
அந்த நாற்காலிகளை இப்போது
கல்யாண விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
நீண்ட மூக்கை முன்பக்கம் சாய்த்துத் திறந்தேன்.
எஞ்சின் எண்ணும் தகட்டு எண்ணும் பொருந்தின.
வயரை எலி ருசி பார்த்திருந்தது.
கதவுக்கடியில் ஓடும் பட்டியில் காந்தத்தை வைத்தேன்.
ஒட்டியது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒட்டியது.
இன்னொரு சாண்.

சிமெண்டுத் தரையில் அது விழுந்த சத்தம்
அவருக்குப் புரியாது என்றிருந்தேன்.

"அடைத்திருக்கிறார்களா?"
நல்ல காற்சட்டையோடு மண்டியிட்டார்.
விரல் கணுவால் தட்டிக் காதை வைத்தார்.
முப்பது வருடம் அடுத்தவர் வாய்க்குள் கேட்ட சத்தம்.
"சொத்தையைச் சுரண்டவே இல்லை,
மேலேயே பூசியிருக்கிறான்.
இவனிடம் வாயைத் திறந்திருந்தால்
தாடையே போயிருக்கும்."
சிரித்தார். வந்ததிலிருந்து முதல் தடவை.

இனி விலை.
பட்டிக்கு நாலாயிரம் கழித்தேன், பிரேக்குக்கு எண்ணூறு.
எஞ்சின் ஓடுமா என்பது இருவருக்குமே தெரியாததால்
அதற்கு ஐந்தாயிரம்.
என் முற்றத்தில் விலைபோகாமல் மூன்று நிற்பதை
வாய்விட்டுக் கழிக்க முடியாது,
உள்ளுக்குள் கழித்துக்கொண்டேன்.
"பத்தொன்பது" என்றேன்.

சமையலறை ஜன்னலில் அவர் மனைவி மெரில்
குழாயை மூடினாள்.

வங்கிக்கு இன்னும் முப்பத்திரண்டு பாக்கி.
அவர் சொல்லவில்லை,
சுவரில் ஆணியில் குத்தியிருந்த கடிதம் சொன்னது.
பார்க்காததுபோல் பார்த்தேன்.
"இருபது" என்றார்.
"இருபது" என்றேன்.
குலுக்கியபோது ஒரு கை வியர்த்திருந்தது,
யாருடையதோ.

பேட்டரியில் பாதி உயிர்தான்.
நார்ஃபோக்கில் சரிவென்று ஒன்று கிடையாது,
இருக்கிற ஒன்று
அவர் வாசலிலிருந்து ஆலைக்குளம் வரை இறங்குகிறது.
அவர் தள்ளினார்.
நான் உள்ளே, இரண்டாம் கியர், கிளட்ச் மேல் கால்.
விட்டேன்.
ஒரு தும்மல்.
இன்னொரு தும்மல்.
அப்புறம் ஆறு சிலிண்டரும் சேர்ந்து தொண்டையைத் திறந்தன.

ஐந்தாயிரம் பவுண்டு, அந்தக் குரல்.

கண்ணாடியில் பார்த்தேன்.
தள்ளிய கை தள்ளியபடியே
மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.
கணக்குத் தெரிந்த மனிதர்.
குளக்கரையில் திருப்பிக்கொண்டு வந்து
அவர் பக்கத்தில் நிறுத்தினேன், அணைக்கவில்லை.

"நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார்.
"நன்றாகத்தான்" என்றேன்.
மெரில் ஓடிவந்து ஒரு பழைய துண்டை நீட்டினாள்,
இருக்கை நனைந்துவிடுமாம்.

காசோலையைக் கொடுத்தேன்.
இரண்டாக மடித்தார், படிக்காமல்.

வழியில் எங்கும் அணைக்கவில்லை.
பெட்ரோல் போடக்கூட நிறுத்தவில்லை.
வீட்டு வாசலில் சாவியைத் திருப்பிய பிறகுதான்
நினைவு வந்தது,
வேன் அங்கேயே நிற்கிறது.
நாளைக்கு அதை எடுக்க
அந்தக் கதவைத் தட்டியாக வேண்டும்.