பின்னோரத்திலிருந்து

செகெட்டிலிருந்து ஷோப்ரோன் வரை
லாரியில் ஒரு கீறல் இல்லாமல் வந்த இழுப்பறை அலமாரி
கடைசி மாடித் திருப்பத்தில்
கைப்பிடிக் கம்பியில் இடித்துக்கொண்டது.
பெரிய சத்தமில்லை.
பிஸ்கட்டை இரண்டாய் ஒடிக்கிற அளவுதான்.

தூக்கி வந்த பையன் பர்னபாஷ்
முகம் வெளுத்து நின்றான்.
கெர்கோ பாவம் பார்த்து
'சேதமில்லை' என்ற கட்டத்தில்
கையெழுத்துப் போட்டுவிட்டான்,
என்னைக் கேட்காமல்.

அன்றிரவு பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடியதில்
ஒரே ஒரு கரண்டி கிடைத்தது.
முறைவைத்து சூப் குடித்தோம்,
பேச்சுவார்த்தை இல்லாமல்.

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மேல்மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு
வெனீர் போயிருந்தது.
உள்ளே வெளிறிய பைன் பலகை.
இருபத்தாறு வருடமாய்
வால்நட், வால்நட் என்று நான் துடைத்தது
அரை மில்லிமீட்டரைத்தான்.
தெரியாததில்லை.
தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

லில்லா பிறந்தபோது தொட்டில் வந்து சேரவில்லை;
முதல் பதினோரு நாள் அவள் தூங்கியது
இதன் கீழ் இழுப்பறையில்.
பைனிலா வால்நட்டிலா என்று
அவள் கேட்கவில்லை.

உடைந்த இடத்தை ஒட்டி ஒரு கொப்புளம்.
நகத்தால் தட்டினால் பொள்ளென்றது.
ஈரத்துணி விரித்து
இஸ்திரிப்பெட்டியை வைத்து வைத்து எடுத்தேன்.
உள்ளே பழைய வச்சிரம் இளகி
அறை முழுக்கத் தோல் வாடை.
அழுத்தி, மேலே பாரத்துக்கு
செர்ரி ஊறும் ஜாடிகள் ஆறு,
போதாமல் கெர்கோவின் வரிக் கோப்புகள்.
காயும்வரை இழுப்பறையைத் திறக்காதே என்று
சீட்டு எழுதி ஒட்டினேன்.
சீட்டு பேச்சில் சேராது.

பொக்கையாய் நின்ற மூலைக்கு
கடையில் வாங்கிய வெனீர் சேரவில்லை.
ஊருக்குப் புதுசு என்று
அதன் முகத்தில் எழுதியிருந்தது,
எங்களைப் போலவே.
அதனால் சுவர்ப்பக்கம் போய்
பக்கப்பலகையின் பின்னோரத்தில்,
யாரும் பார்க்காத இடத்தில்,
பிளேடை வைத்தேன்.
கை நடுங்கியது.
நல்ல இடத்தை நானே கெடுக்கிறேனே.

விளக்கு அருகே வந்தது.
பிடித்திருந்தவன் கேட்டான்:
"ரேகை எந்தப் பக்கம் ஓடுது?"
நான்கு நாளில் முதல் வாக்கியம்.
"மேலிருந்து கீழே," என்றேன்.
"கொஞ்சம் இடது."
தாராளமாகவே வெட்டினேன்;
குறைந்தால் வளர்க்க முடியாது,
கூடினால் தேய்த்துக்கொள்ளலாம்.

ஒட்டிக் காய்ந்து மெழுகும் போட்ட பிறகு
தபாலில் ஒரு தீப்பெட்டி.
உள்ளே பஞ்சில் படுத்திருந்தது
அசல் சில்லு.
'போர்வையை உதறும்போது விழுந்தது.
காகிதத்தில் சேதமில்லை என்றுதான் இருக்கிறது, ஆனால்'
என்று எழுதி
ஆனாலோடு நிறுத்தியிருந்தான் பர்னபாஷ்.

மூலையைப் பெயர்க்க மனமில்லை.
பின்னோரத்துப் பள்ளத்தில் வச்சிரம் தடவி
சில்லை அங்கே உட்காரவைத்தேன்.
ஒரு பக்கம் நெல்லளவு இடைவெளி.
கெர்கோ குனிந்து பார்த்தான்,
"போதும்," என்றான்,
அலமாரியைச் சுவரோடு தள்ளினான்.

சீட்டைக் கிழித்துவிட்டு
கீழ் இழுப்பறையை இழுத்தோம்.
துவாலையில் சுற்றி, டேப் போட்டு,
என் கையெழுத்திலேயே 'பத்திரம்' என்று எழுதி,
அத்தனை கரண்டிகளும்.