மூன்று சதவீதம்

ரூகன் தீவில் டிசம்பர் விடிய எட்டரை ஆகும்.
அதற்குள் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து
பாதி பிரித்திருப்பேன்.

விமான எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வந்த தகடுகள்.
விரல் நீளம். உடம்பெல்லாம் ஊசித்துளை.
எங்கள் மொழியில் இதற்கும் மண்வாரிக்கும்
ஒரே சொல்.
நெருப்பை வாரிக் கொட்டியவை என்றால்
பொருந்தத்தான் செய்கிறது.

கையில், முடி உலர்த்துவதுபோல ஒரு கருவி.
தகட்டின் மேல் வைத்து விசையை அழுத்தினால்
பத்து எண்ணுவதற்குள்
குலம் கோத்திரமெல்லாம் சொல்லிவிடும்:
நிக்கல் அறுபது, கோபால்ட் பத்து,
டங்ஸ்டன், டான்டலம்.
கூட்டத்தின் கடைசியில்
கதவைப் பிடித்தபடி நிற்பதுபோல்
ரீனியம், மூன்று.

அந்த மூன்றுக்காகத்தான்
இந்தக் கொட்டகை, அமிலத் தொட்டிகள்,
ஹின்னெர்க்கின் முகமூடி, என் வீட்டு வாடகை.

இன்றைய பீப்பாயில் பாதி பளபளக்கிறது.
சீட்டைப் பார்த்தேன். வார்ப்பிலேயே கழிந்தவை.
ஒரே படிகமாய் வளர வேண்டியது
ஓரிடத்தில் மயிரளவு திசை மாறிவிட்டதாம்.
ஒரு நாளும் பறக்கவில்லை.

பக்கத்தில் நுனி தின்னப்பட்ட கிழம் ஒன்று,
இருபதாயிரம் மணி நேரம் எரிந்தது.
அதன்மேல் வைத்தேன்: மூன்று.
இதன்மேல் வைத்தேன்: மூன்று.
கருவிக்கு ஆகாயம் தெரியாது.

யாரும் மெருகேற்றி மறுபடி விற்றுவிடாதபடி
எல்லாவற்றையும் நசுக்க வேண்டும் என்பது விதி.
கிழம் ஒரே அடியில் பிளந்தது.
பறக்காதது மூன்றாவது அடி வரை
விட்டுக்கொடுக்கவில்லை.
"வீப்கே, அதற்குக் கோபம்" என்றான் ஹின்னெர்க்
முட்டை உரித்துக்கொண்டே.

தொட்டிக்குள் இரண்டும் ஒரே பச்சை.
ஆறு வாரம் கழித்து
வெள்ளைத் தூளாய் வெளியே வரும்.
பார்வைக்கு உப்பு. யாரும் நக்கிப் பார்ப்பதில்லை.
ரைன் நதியின் பெயராம் அதற்கு.
நான் இன்னும் பார்த்திராத நதி.
டப்பாக்கள் லாரியேறிப் பாலம் கடந்து
என்னை முந்திக்கொண்டு
அந்தப் பக்கம் போகின்றன,

மறுபடி உருக, மறுபடி வார்க்க,
மறுபடி எங்கோ மயிரளவு திசை மாற.

இன்று நான் நசுக்கியது
போன வருடம் நானே கரைத்ததாகவும் இருக்கலாம்.
இரண்டாம் முறையும் பறக்காமலே
திரும்பி வந்திருக்கலாம்.
கேட்டால் சொல்லாது.
மூன்று என்று மட்டும் சொல்லும்.