தூர் வாரும் நேரம்

திங்கட்கிழமை, ஷட்டர் பாதி ஏறும் முன்பே
குனிந்து உள்ளே வந்துவிட்டார் ஸ்டுடியோ ராயப்பன்.
கைக்குட்டையில் சுற்றிய எஸ்.எஸ்.டி,
விழுந்த பல்லை எடுத்துவந்தவர் போல.

கண்டனூர்க் கல்யாணம். நானூறு ஜிபி.
அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டி
சனிக்கிழமை ராத்திரி ஃபோல்டர் மாற்றி அழித்திருக்கிறார்.
"அழிச்ச நிமிஷமே தெரிஞ்சுபோச்சு.
அப்புறம் ஒண்ணையும் தொடலை. அணைக்கவும் இல்லை.
அணைச்சாப் போயிடுமேன்னு
ரெண்டு நாளா ஓடவிட்டே வெச்சிருந்தேன்.
கரண்டு கட்டாயிடக் கூடாதுன்னு
மருந்துக்கடை யுபிஎஸ்ஸைக்கூட வாங்கிட்டு வந்து மாட்டினேன்."

நான் கேபிளைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்தேன்.

இதற்கு எழுதிய இடத்தில் மேலெழுதத் தெரியாது.
ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும்
வெற்றுப் பக்கம் தேடிப்போய் அங்கே எழுதும்,
பழையதைச் செல்லாது என்று குறித்துவிட்டு.
எது எங்கே என்று ஓர் அட்டவணைக்குத்தான் தெரியும்.
நாம் டி டிரைவ் என்று கூப்பிடுவது
ஒரு முகவரி; அங்கே வீடு கிடையாது.

எழுதுவது பக்கம் பக்கமாக.
அழிப்பது மட்டும் தொகுதி தொகுதியாக.
ஊருணியில் ஒரு முழத்துக்கு மட்டும் தூர் வார முடியுமா?
உயிரோடு கிடக்கும் நாலு கெண்டையை
அண்டாவில் அள்ளி அடுத்த ஊருணியில் விட்டுவிட்டு
மொத்தத்தையும் வற்றவைக்க வேண்டும்.
கேட்ட வேலை ஒன்று, பார்க்கும் வேலை மூன்று.

ஒவ்வொரு தடவை வாரும்போதும் தரை தேயும்.
அதற்கும் கணக்கு உண்டு:
இந்தத் தொகுதி எண்ணூற்றுப் பன்னிரண்டு தடவை,
அது வெறும் நாற்பது.
ஒரே மடையைத் திறந்துகொண்டிருந்தால் கண்மாய் தாங்காது என்று
முறை வைக்கும்.
ஆறு வருஷமாக யாரும் திறக்காத
மின்கட்டண ரசீதுகளைக்கூட எழுப்பி
தேய்ந்த தரையில் குடிவைத்துவிட்டு
அவை படுத்திருந்த நல்ல தரையை எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எப்போது செய்யும்?
நாம் ஒன்றும் கேட்காதபோது.
மவுஸ் அசையாத இரவில்.
ஞாயிற்றுக்கிழமை பூராவும்.

"அழித்தவுடனே சேதி போய்விடும், அண்ணே.
இந்தப் பக்கங்கள் யாருக்கும் வேண்டாம் என்று.
அப்புறம் அதற்கு வேண்டியது
கொஞ்சம் ஓய்வும் கொஞ்சம் கரண்டும்தான்."
ரெண்டையும் தந்தது யார் என்று நான் சொல்லவில்லை.
அவர் கைக்குட்டையை மடித்தார்.
மறுபடி மடித்தார்.

மாட்டிப் பார்த்தேன். சுழி.
அடுத்த பக்கம் சுழி. லட்சமாவது பக்கமும் சுழி.
சுழிகளுக்கு நடுவே எங்காவது
மேளம் கேட்டுவிடும் என்பதுபோல
திரைக்குப் பக்கத்தில் காதை வைத்து நின்றார்.

"வேலு கேமரா தனி கார்டு. அதுல இருக்கு."
"அப்புறம் என்ன?"
"பந்தி மட்டும்தான் அவன் எடுத்தது."
இனி அந்தக் கல்யாணத்தில்
எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

காசு வேண்டாம் என்றேன்.
படியிறங்கியவர் திரும்பினார்:
"அப்ப, உடனே பிடுங்கியிருக்கணும்?"
"ஆமாம்."

நான் பிடுங்கினேன்.
போன வருஷம் ஆடியில்,
இருபத்தேழு குரல் பதிவுகளை அழித்த அதே கையால்,
அட்டவணை மறந்து, துடைப்பம் இன்னும் எடுக்காத இடைவெளியில்.
அது இப்போது வீட்டில், ரவை டப்பாவுக்குள்.
மாட்டினால் அது வேலையைத் தொடங்கிவிடும்.
மாட்டாவிட்டாலும், கட்டத்துக்குக் கட்டம்
பிடித்துவைத்த மின்னூட்டம் சொட்டுச் சொட்டாகக் கசியும்.
எத்தனை வருஷம் தாங்கும் என்பது
வெக்கையைப் பொறுத்தது என்கிறது கையேடு.

காரைக்குடியில் இன்று நூற்றிரண்டு டிகிரி.
டப்பாவை மேல்தட்டிலிருந்து இறக்கி
தரையோடு தரையாக, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டுத்தான் கடைக்கு வந்தேன்.