இருபது ரூபாய்த் தாள்

ஊரின் பேரிலேயே உப்பு இருக்கிறது.
உப்புவெளியில் ஓர் ஆணி அடித்தால்
மாரி முடிவதற்குள்
சுவரில் தேத்தண்ணிக் கறை.
எங்கள் பின்வேலியிலிருந்து கடல் முந்நூறு அடி.
அங்கிருந்தே அது
சைக்கிள் செயினில், ஃபேன் தகட்டில்,
கேற்றுப் பிணைச்சலில்
வாய் வைத்துக்கொண்டேயிருக்கும்.

பதினேழு வருஷப் பிரிட்ஜ்.
அடித்தகடு துருவேறிப் பொத்தல்,
கதவு ரப்பர் நெகிழ்ந்து
இரவெல்லாம் ஓயாமல் இரைந்தது.
கரண்ட் பில்லைப் பார்த்த குகதாசன்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்
திரும்பவும் பார்த்தார்.
தொகை மாறவில்லை.

கடையில் இஃப்ராஸ் தம்பி
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினான்.
"முப்பத்தாறு மாசம் அக்கா. கட்டுறது தெரியவே தெரியாது."
முப்பத்தாறு மாசமும் தெரியாமல் போக
நான் என்ன கோமாவிலா கிடக்கப்போகிறேன்?

வெளியே, பஸ் நிலைய மதிலோரம்
ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சொப்பிங் பையை
மென்றுகொண்டு நின்றது.
சோறு இருந்த பையாக்கும்; வாசம் போயிருக்காது.
பறிக்கப் போனேன்.
விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் எறிவதில்லை
என்று சொன்னால் பொய்.
குடையை எறிந்தேன்.
மூன்று தரம் தைத்த குடை;
நாலாம் தரம் கச்சான் காற்றில்
வௌவாலாகிவிட்டது.
ஈயம் பற்றவைத்த வாளி இன்னும் ஒழுகுகிறது.
அதைக் கறிவேப்பிலையடியில் வைத்து
ஒழுக்கையே வேலைக்கு அமர்த்தியிருக்கிறேன்.

பிரிட்ஜுக்கு மூன்று நாள் பிடித்தது.
பின்கம்பிகளில் பூனைக்குட்டி அளவு தூசி,
அதற்கு மகளின் பழைய பல்துலக்கி.
ரப்பருக்குச் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தடம்,
பிறகு வாஸ்லின், மூலைக்கு மூலை, விரலால்.
உப்பு தின்ற இடத்தை
உப்புத்தாளால்தான் தேய்த்தேன்.
வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலம்
அரை டின் தந்தார் பெனடிக்.
இப்போது அது இடுப்புவரை வள்ளம்.
"நம்பரும் எழுதிவிட்டால்
கடலில இறக்கலாம்" என்கிறார் குகதாசன்.

கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி
இழுத்துப் பார்க்க வேண்டும்.
சுளுவாய் வந்தால் ரப்பர் சரியில்லை.
கைக்கு வந்தது ஓர் இருபது ரூபாய்,
இன்றைக்கு ஒரு பிளேன்ரீக்கும் காணாத தாள்.
இழுத்தேன்.
வரவில்லை.
அவரும் வந்து இழுத்தார்.
"கிழியப்போகுது, விடுங்கோ!"
பிறகு இரண்டு பேரும் நின்று
பார்த்துக்கொண்டிருந்தோம்,
கதவு காசைக் கடித்துக்கொண்டிருப்பதை.

இரவில் இரைச்சல் நின்று நின்று வந்தது.
நின்ற இடைவெளியில்
கடல் கேட்டது.
நாளைக்குப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடவேண்டும்.