கைக் கணக்கு

மே மாதம், ஊர்சபைக்கு முந்தின சனிக்கிழமை
வளையத்தைக் கட்டி முடிப்பவன் நான்.
இந்த ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு முழுவதும் ஏறி நிற்கும் பலகைகள்.
எது முனகும், எதற்கு அடியில் ஆப்பு வைத்தேன்
எல்லாம் என் உள்ளங்காலுக்குத் தெரியும்.
ஆளில்லாத மாலையில் நடுவே நின்று
ஒருமுறை கை தூக்கிப் பார்ப்பேன்,
எந்தக் கேள்விக்கும் இல்லை.
ஞாயிறு காலை
என் இடம் கயிற்றுக்கு வெளியே,
குழந்தை வண்டிகளுக்கும் சாஸேஜ் கடைக்கும் நடுவில்.

இங்கே எண்ணுவதில்லை.
மேடையில் நிற்கும் அம்மாள் கண்ணாலேயே அளக்கிறாள்
எந்தப் பக்கம் கை ஓங்கியிருக்கிறது என்று.
புரியாவிட்டால் திரும்பத் தூக்கச் சொல்கிறாள்.
அவ்வளவுதான்.

நான் பிறந்த நாட்டில்
ஒரே ஒருமுறை மக்களைக் கேட்டார்கள்:
தளபதி தொடரலாமா?
தொண்ணூற்றொன்பது விழுக்காடு ஆம்.
மீதி ஒன்றில் எங்கள் கணக்கு வாத்தியார் இருந்தாராம்.
திங்கட்கிழமை வகுப்புக்கு வேறு ஆள் வந்தார்.
அதனால்தான்
இவர்கள் நாய் வரிக்காக நாற்பது நிமிடம் மல்லுக்கட்டுவது
எனக்குக் கேட்கக் கேட்கத் திகட்டாது.

இந்த வருடம் ஏழாவது விஷயம், நாங்கள்.
பத்து வருடம் வாழ்ந்த வெளிநாட்டாருக்கு
ஊர்த் தேர்தலில் மட்டும் ஓட்டு.
மழை பிடித்துக்கொண்டது.
குடையை மடக்கச் சொன்னார்கள், கை தெரிய வேண்டுமாம்.

யோஸ்ட் ட்ஸ்வைஃபெல் என் கூட்டாளி.
அவன் குடும்பப் பெயருக்கு அந்த மொழியில்
சந்தேகம் என்று பொருள்.
போன மாதம் கூரையிலிருந்து நான் சறுக்கியபோது
பெல்ட்டைப் பிடித்து இழுத்த வலது கை
இன்னும் மாவுக்கட்டில்.

"ஆதரிப்பவர்கள்."
நான் நினைத்ததைவிட நிறையக் கைகள்.
"எதிர்ப்பவர்கள்."
யோஸ்ட் கட்டுப்போட்ட கையைத் தூக்கினான்.
இடது கை சும்மாதான் இருந்தது.

அம்மாள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

சரி,
எனக்கு எதிராக எழுந்த கையை
என் கண்ணால் பார்த்தேன்.
வாத்தியாரைக் காட்டிக்கொடுத்த கை எது என்று
இன்றுவரை தெரியாது.
இதை ஆறுதல் என்று சொல்ல மாட்டேன்.
சட்டைக்குள் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

மதியம் பலகை கழற்ற வந்தான்.
நான் பார்த்தது அவனுக்குத் தெரியும்.
"முதலில் குடியுரிமை வாங்கு. உள்ளே வந்து நின்று
எனக்கு எதிராகத் தூக்கு" என்றான்,
ஏதோ நான்தான் தவறு செய்த மாதிரி.
இரண்டுமுறை விண்ணப்பித்ததை
அவனிடம் நான் சொன்னதே இல்லை.

நீளப் பலகைக்கு இரண்டு ஆள் வேண்டும்.
அவனுக்கு ஒரு கைதான் உதவும்.
மூன்று கையால் தூக்கினோம்.