கேட் போட்டிருக்கு

கூடல்நகர் ரயில்வே கேட் மூடினால்
எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள்.
நான் வண்டியை அணைத்துவிடுவேன்.

ஒரு நாளில் எனக்கென்று
அரசாங்கம் ஒதுக்கிய நேரம் அது.
ஏழு நிமிடம்.
சரக்கு ரயில் என்றால் பதினொன்று.
பெட்டிகளை எண்ண மாட்டேன்.
எண்ணுவது வேலை.

விடிகாலை நாலரைக்கு மாநகராட்சித் தண்ணீர்.
அப்போது எழுந்தவள்
அதற்குப் பிறகு எங்கே உட்கார்ந்தேன் என்று யோசித்தால்
சிமெண்ட் ஏஜென்சி நாற்காலிதான் ஞாபகம் வருகிறது,
மார்ச் கணக்கு முடியாத நாற்காலி.
மாயகிருஷ்ணன் மருந்துப் பையோடு
திங்கள் தேனி, செவ்வாய் கம்பம்.
ராத்திரி போன் போட்டு
'பிள்ளைக சாப்பிட்டாச்சா' என்பார்.
சாப்பிட்டாச்சு.
அதில் நான் பொய் சொன்னதில்லை.
எப்படிச் சாப்பிட்டார்கள் என்று
அவர் கேட்டதுமில்லை.

போன மாதம் பால் கொட்டியது.
கால் டம்ளர்தான்.
நான் கத்தியது கீழ்வீடு வரைக்கும் போயிருக்கிறது.
மறுநாள் மாடிப்படியில் செலின் அக்கா
தேவைக்கு மேல் அன்பாகச் சிரித்தார்.

கத்தியதுகூடப் பெரிதில்லை.
கத்தி ஓய்ந்த பிறகு
லோகித் வந்து மடியில் முகம் வைத்தான்.
அந்தத் தலையின் கனம் தெரிந்தது.
சூடு தெரிந்தது.
வேறொன்றும் தெரியவில்லை.
பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள்
தூங்கித் தோளில் சாய்ந்தால்
எப்படி அசையாமல் இருப்போமோ
அப்படி இருந்தேன்.

அன்றிலிருந்து
கேட் திறந்திருந்தாலும் ஓரங்கட்டினேன்.
கரும்புச்சாறு வண்டிக்கு அப்பால் ஒரு வாகைமரம்.
ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டேன்.
அதற்குள் வந்து யாரும்
அம்மா என்று கூப்பிட முடியாது.
முதலில் நாலு நிமிடம்.
பிறகு பத்து.
ஒருநாள் தெருவிளக்கு எரிகிறவரை.
'கேட் போட்டுட்டாங்க' என்பேன் வீட்டில்.
சாறுக்காரரும் வேண்டுமா என்று கேட்பதை
விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை தலை பின்னும்போது
கண்ணாடியைப் பார்த்தபடி தர்ஷிகா சொன்னாள்:
'எங்க வேனும் அந்த வழியாத்தாம்மா வருது.'

சீப்பு நின்றது.

'கேட் தொறந்துதான் இருந்துச்சு.
நீ மரத்தடியில இருந்த.
நான் அப்பாட்ட சொல்லல.'

மூணாம் வகுப்பு படிக்கிறாள்.
சிக்கெடுத்தாலே தெருவைக் கூட்டுகிற பிள்ளை.
அன்றைக்கு ரிப்பனை இழுத்து முடிந்தேன்.
வலித்திருக்கும்.
வலிக்குது என்று சொல்லவில்லை அவள்.

நேற்று ஞாயிறு.
கறிக்குழம்பை இறக்கி வைத்துவிட்டு
அறைக்கதவைச் சாத்திச்
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
தூக்கம் இல்லை.
சுவரில் பழைய ஸ்டிக்கர் ஒன்று,
பாதி உரித்த யானை.

வெளியே லோகித் அழுகிறான், அம்மா வேணும் என்று.
அவர் எழுந்து வருகிற சத்தம்.
பிறகு தர்ஷிகாவின் குரல்,
கதவுக்கு வெகு அருகில்:
'உள்ள போக முடியாது. கேட் போட்டிருக்கு.'

'என்ன கேட்டு?'

அவள் பதில் சொல்லவில்லை.
நான் மூச்சு விடவில்லை.
குக்கரில் ஆவி அடங்குகிற மாதிரி
ஒரு நீளமான அமைதி.

'சரி. எப்பத் தொறப்பாங்க?' என்றார்.
கேலி இல்லை அந்தக் குரலில்.
கேலியாக இருந்திருந்தால்
எழுந்து போயிருப்பேன்.

'சரக்கு ரயில்ப்பா,' என்றாள் என் மகள்.
'லேட்டாகும்.'

கதவடியில் வெளிச்சக் கோடு.
அதை மறித்து இரண்டு சின்னப் பாதங்கள்.
இந்நேரம் கைகளை விரித்திருப்பாள்,
நிலைக்கு நிலை எட்டாத கைகள்.

எழுந்திருக்க வேண்டும்.
ரயில் எதுவும் வரவில்லை என்று
அவளுக்கும் தெரியும்.
அந்தக் கை
எவ்வளவு நேரம் தாங்கும்.